கப்ளருக்கு இந்தப் பக்கம், அந்தப் பக்கம்

மாமனும் மச்சானும் முகம் கொடுத்துப் பேசாத ஷெட்டில் ஒரு ஸ்பேனர் கை மாற வேண்டும் என்றால்கூட மூன்றாவதாக ஓர் ஆள் வேண்டும். அந்த ஆள் பெரும்பாலும் நான்தான். எதிரே தையற்கடை போட்டு உட்கார்ந்திருக்கிற பாவத்துக்கு.

"டெய்லரக்கா, சின்ன ஸ்பேனர் அவர்கிட்ட இருக்கான்னு கேளுங்க" என்று மச்சான் கத்துவான். மாமன் கையெட்டும் தூரத்தில்தான் குனிந்து நிற்பார். நான் மிஷினை நிறுத்திவிட்டு, "இருக்கான்னு கேக்கறான்" என்று ரோட்டைத் தாண்டிக் குரல் கொடுப்பேன். "இருக்கு. வேலை முடியலன்னு சொல்லுங்க" என்பார் அவர். இரண்டு பேருக்கும் காது நன்றாகத்தான் கேட்கும். தொண்டை போவது எனக்கு.

அவர் மெக்கானிக், இன்ஜின் வேலை. இவன் அவர் மனைவியின் தம்பி, ஒயரிங் வேலை. எந்தக் கோளாறு வந்தாலும் கறுப்பு டேப்பைச் சுற்றிவிட்டு, "இனிமே ஒன்னும் ஆகாது" என்பான். அதனால் தெருவில் அவனுக்கு டேப்பு என்று பெயர். அப்படிக் கூப்பிட்டால் கோபம் வரும். அதனாலேயே எல்லோரும் அப்படித்தான் கூப்பிடுவோம். ஷெட்டுக்குப் பின்னாலேயே வீடு. வீட்டில் டிரைவரம்மா. மெக்கானிக்குக்குப் பெண்டாட்டி, டேப்புக்கு அக்கா. சொந்தமாக ஒரு கார் வாங்கி, மலைமேல் இருக்கிற ஆஸ்பத்திரிக்கு விடிகாலையில் நர்சுகளை ஏற்றிக்கொண்டு போவாள். ராத்திரி டூட்டி முடித்தவர்களை இறக்கிக்கொண்டு வருவாள். அந்த ஓட்டம் கிடைப்பதற்கு முன்னால் அட்டைப் பெட்டி மடிக்கிற கம்பெனியில் இருந்தாள். அங்கே இருந்தவரை அவள் முகத்தை நான் நேராகப் பார்த்ததே இல்லை, எப்போதும் குனிந்தே நடப்பாள். ஸ்டியரிங்கைப் பிடித்த பிறகுதான் அந்தக் கழுத்து நிமிர்ந்தது.

மாமன் மச்சான் சண்டைக்குக் காரணம் கேட்டால் சிரிப்பீர்கள். யாரோ ஒருவருடைய வண்டியில் புகை வந்தது. வண்டிக்காரர் எதிரிலேயே மெக்கானிக், "ஒயர்காரன் பாத்த லட்சணம்" என்றார். டேப்பு, "ஆயில ஒயர் மேல ஊத்தினா புகைதான் வரும், பூவா வரும்?" என்றான். அவ்வளவுதான். அன்றோடு பேச்சு நின்றது. வண்டிக்காரர் எங்கள் தெருப்பக்கமே வருவதில்லை. வந்த நல்ல வாடிக்கையை ஆளுக்குப் பாதியாகத் துரத்தியதில் மட்டும் இரண்டு பேரும் ஒற்றுமை.

தினமும் நடுவில் மாட்டிக்கொண்டு அல்லாடிய டிரைவரம்மா கடைசியில் ஒரு சட்டம் போட்டாள். "சென்சார், இன்ஜின் எல்லாம் நீங்க. கப்ளருக்கு அந்தப் பக்கம் ஒயர் எல்லாம் அவன். ஒருத்தர் வேலையில ஒருத்தர் மூக்க நீட்டக் கூடாது." கப்ளர் என்பது வேறொன்றுமில்லை. ஒயர்கள் வந்து சென்சாரில் மாட்டிக்கொள்கிற பிளாஸ்டிக் மூடி. அமுக்கினால் டக்கென்று மாட்டும், மேலே இருக்கிற நாக்கை அழுத்தினால் கழன்றுவிடும். சட்டம் நன்றாகத்தான் வேலை செய்தது. ஷெட்டில் சத்தம் குறைந்தது. என் தொண்டைக்கும் கொஞ்சம் ஓய்வு கிடைத்தது.

பிறகு டிரைவரம்மாவின் காரே படுத்தது.

முதல் தடவை ரோட்டில் நின்றபோது யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. மெக்கானிக் ஸ்கேனரை மாட்டிப் பார்த்தார். கிராங்க் சென்சாரிலிருந்து சிக்னல் வரவில்லை என்று காட்டியது. இன்ஜின் சுற்றுகிறதா, எந்த வேகத்தில் சுற்றுகிறது என்று வண்டியின் கம்ப்யூட்டருக்குச் சொல்வது அந்தச் சென்சார்தானாம். அது வாயை மூடிக்கொண்டால் கம்ப்யூட்டர் பெட்ரோலை நிறுத்திவிடும், வண்டி ஓடுகிற ஓட்டத்தில் செத்துப்போகும். தையற்காரிக்கு இதெல்லாம் எப்படித் தெரியும் என்கிறீர்களா? இருவரும் என் வழியாகத்தானே பேசிக்கொண்டார்கள்! மெக்கானிக் சென்சாரை மாற்றினார். டேப்பு, நாளைக்குப் பழி தன் மேல் வரக் கூடாதே என்று, கப்ளரைக் கழற்றி, கரண்ட் வருகிறதா என்று பார்க்கிற மீட்டரின் ஊசியை உள்ளே விட்டு ஒவ்வொரு ஒயராகப் பார்த்து, "என் பக்கம் சுத்தம்னு சொல்லுங்க" என்றான். வண்டி ஓடியது.

கொஞ்ச நாளில் மறுபடி நின்றது. ஸ்கேனரில் மறுபடி அதே கோளாறு. புதுச் சென்சாரே சொத்தை என்று மெக்கானிக் கடைக்காரனைத் திட்டிக்கொண்டு இன்னொன்றை மாட்டினார். மாட்டும் முன் தானும் மீட்டரை எடுத்து ஊசியைக் கப்ளருக்குள் குத்திப் பார்த்தார். டேப்பு விடுவானா? அவர் போனதும் வந்து அவனும் குத்திப் பார்த்தான். "சுத்தம்னு சொல்லுங்க." "என்னுதும் சுத்தம்னு சொல்லுங்க." நான் இரண்டு சுத்தத்தையும் இரண்டு பக்கமும் கொண்டுபோய்ச் சேர்த்தேன். மூன்றாவது சென்சாரும் வந்தது. வண்டி மட்டும் நினைத்தபோது நின்றது.

மலை ரோட்டில் நின்ற அன்றைக்குத்தான் இது விளையாட்டில்லை என்று எல்லோருக்கும் உறைத்தது. வண்டி நிறைய நர்சுகள். வலது பக்கம் திரும்புகிற பெரிய வளைவு, செங்குத்தான ஏற்றம். இன்ஜின் சத்தம் இல்லாமல் அடங்கிவிட்டது. பின்னால் வந்த லாரி பிரேக் போட்ட சத்தத்தில் ஒரு சின்னப் பெண் வாய்விட்டு அலறிவிட்டாளாம். லாரி முட்டவில்லை. டிரைவரம்மா பதறாமல் ஹேண்ட் பிரேக்கை இழுத்து, எல்லோரையும் இறக்கி ஓரமாக நிற்க வைத்துவிட்டாள். மேலே போனதும் பெரிய நர்ஸ் அவளை உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்து, "வண்டிய நல்லா பாத்துட்டு வாங்கம்மா. அதுவரைக்கும் நாங்க வேற ஏற்பாடு பண்ணிக்கறோம்" என்று சொன்னார். நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலாம் என்று என்னிடம் சொல்லி அழுதாள். அவள் அழுது நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

மறுநாள் காலை முழுக்க மழை. மத்தியானம் வெயில் அடித்ததும் ரோட்டிலிருந்து ஆவி கிளம்பியது, ஷெட்டின் தகரம் கொதித்தது. ஒரு சட்டைக்குக் காலர் வைத்துக்கொண்டிருந்த எனக்கு எதிர்ப்பக்கம் குரல் உயர்ந்தது கேட்டது. மெக்கானிக்கின் குரல்தான். டிரைவரம்மா சத்தம் போட்டுப் பேசுகிறவள் இல்லை. கத்தரிக்கோலை வைத்துவிட்டு எழுந்து போனேன். வம்பு கேட்கப் போனதாகவே வைத்துக்கொள்ளுங்கள்.

"சாயங்காலம் பேக்கரிக்காரர் வராரு" என்றார் மெக்கானிக். "வண்டிய பாத்துட்டு எடுத்துக்கறேன்னு சொல்லிட்டாரு. வித்துத் தொலைச்சிடலாம்."

"யார கேட்டுச் சொன்னீங்க?"

"யார கேக்கணும்? லாரி முட்டியிருந்தா யார கேட்டுட்டு முட்டியிருக்கும்?"

"சரி. ரோட்டுல நின்னு போற வண்டிய அவர் தலையில கட்டப் போறீங்க. அப்படித்தான?"

"நான் ஏன் கட்டறேன்? சொல்லித்தான் விப்பேன். மேட்டுல மட்டும் ஏத்தாதீங்க, ஊருக்குள்ள ரொட்டி போடறதுக்கு வச்சுக்குங்கன்னு சொல்லிடுவேன்."

டிரைவரம்மா சிரித்துவிட்டாள். "மேடு ஏறாத கார வாங்கறதுக்கு அவரு சைக்கிளே வச்சுக்கலாமே."

"உனக்குச் சிரிப்பா இருக்கு." அவர் கையில் இருந்த துணியைத் தரையில் அடித்தார். "நீ மேல போய்ச் சேர்ந்துட்டேன்னு போன் பண்ற வரைக்கும் எனக்கு இங்க ஒரு நட்டு ஒழுங்கா முறுக்க வரல. நேத்திலேர்ந்து சோறு இறங்கல. மூணு சென்சார் மாத்திட்டேன். எனக்குத் தெரிஞ்சது அவ்வளவுதான். பயமா இருக்கு, போதுமா?"

ஷெட்டின் அந்தக் கோடியில் ஒரு ஹாரனைப் பிரித்துப் போட்டு உட்கார்ந்திருந்த டேப்பு தலையைத் தூக்கிப் பார்த்தான். மாமன் பயம் என்று சொல்லி அவனும் கேட்டதில்லை. நானும்தான். எனக்குச் சங்கடமாகிவிட்டது, சேலைத் தலைப்பில் ஒட்டியிருந்த நூலைப் பிய்த்துக்கொண்டு நின்றேன்.

டிரைவரம்மா கீழே கிடந்த துணியை எடுத்து உதறி அவர் தோளில் போட்டாள். பிறகு உள்ளே போய்ச் சோற்றுத் தட்டுகளைக் கொண்டுவந்தாள். பருப்பு, அவித்த முட்டை, வறுத்த வெங்காயம். கணவனுக்கு ஒரு தட்டு, தம்பிக்கு ஒரு தட்டு, கேட்காமலே எனக்கும் ஒன்று. மெக்கானிக் பழைய டயர் மேல் உட்கார்ந்தார், டேப்பு பேட்டரிப் பெட்டி மேல். முதுகோடு முதுகு காட்டிக்கொண்டு இரண்டு பேரும் சோற்றைப் பிசைந்தார்கள். அவள் நடுவில் காரின் பானெட்டில் சாய்ந்து நின்றாள்.

"பேக்கரிக்காரர் வரட்டும்" என்றாள். "வரதுக்குள்ள ரெண்டு பேரும் கோளாற கண்டுபிடிக்கறீங்க. இல்லன்னா சாவிய நானே அவர் கையில குடுத்துட்டுத் திரும்பவும் பெட்டி மடிக்கப் போயிடறேன். ஆனா ஒன்னு சொல்றேன். எனக்குத் தெரியும், இது கண்டுபிடிக்கக்கூடிய கோளாறுதான். வண்டி என்கிட்ட எப்படி நிக்குதுன்னு இதுவரைக்கும் ரெண்டு பேர்ல ஒருத்தராவது கேட்டீங்களா?"

யாரும் கேட்கவில்லை என்பது இரண்டு முதுகுகளிலும் தெரிந்தது.

"சும்மா ஷெட்டுல நாள் முழுக்க ஓடவிட்டாலும் நிக்காது. தனியா ஓட்டினா நிக்காது. ஆள் நிறைஞ்சிருக்கணும், இன்ஜின் சூடாயிருக்கணும், மேட்டுல அழுத்தணும். அப்பதான். அதுவும் எப்படின்னா, சக்தி குறைஞ்சு குறைஞ்சு நிக்கறதில்ல. வண்டி இன்னும் உருண்டுட்டே இருக்கு, இன்ஜின் வேகம் காட்டற முள்ளு மட்டும் பொத்துனு சைபர்ல விழுந்துடுது. யாரோ சுவிட்ச அணைச்ச மாதிரி."

மெக்கானிக் மெல்லுவதை நிறுத்தினார். "முள்ளு முதல்லயே விழுதா?"

"முதல்லயே."

"அப்ப பெட்ரோல் குறையல. சிக்னல்தான் அறுந்து அறுந்து வருது." முட்டையைத் தட்டில் வைத்துவிட்டு யோசித்தார். "லோடு ஏத்தி அழுத்தினா இன்ஜின் பின்னால சாயும். சாயறப்ப எதையோ இழுக்குது. டெய்லரம்மா, ஒயர்தான் இழுபடுதுன்னு சொல்லுங்க."

"ஒயர் இழுபட்டா உள்ள அறுந்திருக்கும்" என்றான் டேப்பு என்னைப் பார்த்து. "மீட்டர்ல நூல் பிசகாம காட்டுது. அவரோட சென்சார்தான் சூட்டுல படுத்துக்குதுன்னு சொல்லுங்க."

"மூணும் படுக்குமான்னு கேளுங்க!"

"எனக்குச் சோறு ஆறுது" என்றேன். "ஒருத்தர் சொன்னத இன்னொருத்தர்கிட்ட சொல்ல மாட்டேன், போங்க."

சாப்பிட்டு முடித்ததும் டிரைவரம்மா காரை எடுத்துக்கொண்டு ஒரு சுற்றுச் சுற்றி, இன்ஜினை நன்றாகச் சூடாக்கிக்கொண்டு வந்து நிறுத்தினாள். அணைக்கவில்லை. பானெட்டைத் திறந்தால் அனல் முகத்தில் அடித்தது. அந்தச் சென்சார் நல்ல இடமாகப் பார்த்து உட்கார்ந்திருக்கிறது: இன்ஜினுக்குப் பின்னால், கீழே, கையே நுழையாத சந்தில். மெக்கானிக் அட்டையை விரித்துப் படுத்துக் கீழிருந்து கையை விட்டார். டேப்பு மேலிருந்து ஒயர்க்கட்டைப் பிடித்துக்கொண்டான். டிரைவரம்மா சீட்டில் உட்கார்ந்து முள்ளைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நான் சென்சார ஆட்டறேன். பாக்கச் சொல்லுங்க" என்றது கீழேயிருந்து குரல்.

"முள்ளு அசையல" என்றாள் அவள்.

"பாத்தீங்களா? என் சென்சாருக்கு ஒன்னுமில்ல."

"நான் ஒயர ஆட்டறேன், டெய்லரக்கா." டேப்பு ஒயர்க்கட்டை இழுத்தான், வளைத்தான், முறுக்கினான். "என்னாச்சு?"

"அசையல."

"என் ஒயருக்கும் ஒன்னுமில்ல."

இதையே திரும்பத் திரும்பச் செய்தார்கள். மெக்கானிக் சென்சாரை ஸ்பேனர் பிடியால் தட்டினார். டேப்பு ஒயரைக் கம்ப்யூட்டர் பெட்டி வரைக்கும் விரலால் தடவிக்கொண்டே போனான். இருவருக்கும் வேர்வை கொட்டியது. ஒருவர் முகத்திலாவது கவலை இருக்க வேண்டுமே! தன் பக்கம் சுத்தம் என்று நிரூபித்துவிட்ட திருப்திதான் இரண்டு முகத்திலும். எனக்கு எரிச்சலாக வந்தது. வீடு பற்றி எரிந்தாலும் தீ அவன் அறையிலிருந்துதான் வந்தது என்று கூண்டில் ஏறிச் சாட்சி சொல்வார்கள் போல.

டிரைவரம்மா காரைவிட்டு இறங்கினாள். "அக்கா, நீங்க உக்காருங்க."

"நானா? எனக்கு ஓட்டத் தெரியாதுடி!"

"ஓட்ட வேணாம். முள்ளு விழுதான்னு பாருங்க, போதும்."

கிடுகிடுவென்று நடுங்குகிற அந்தச் சீட்டில் என்னை உட்கார வைத்துவிட்டாள். எதைத் தொட்டால் எது ஓடுமோ என்று இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டேன். அவள் முன்னால் போய், புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு குனிந்தாள்.

"நீங்க சென்சார விடுங்க. நீ ஒயர விடுறா. ரெண்டுக்கும் நடுவுல ஒன்னு இருக்கே, அத யாராவது தொட்டீங்களா?"

"அது கப்ளர்" என்றார் மெக்கானிக் கீழேயிருந்து. "அது அவன் பக்கம்."

"கப்ளருக்கு அந்தப் பக்கம்தான் என்னுது" என்றான் டேப்பு. "கப்ளர் அவர் பக்கம்."

"ஒருத்தர் பக்கமும் இல்ல. நான் போட்ட சட்டம்தான, நானே பாத்துக்கறேன்" என்று சொல்லிக்கொண்டே கையை உள்ளே விட்டாள். அவர்கள் கை போகாத சந்தில் அவளுடைய கை முழங்கை வரை போயிற்று. சூடு பட்டு உஸ்ஸென்றாள், ஆனால் எடுக்கவில்லை.

நான் முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தேன். பொத்தென்று விழுந்தது. அடுத்த நொடி நடுக்கம் நின்றது, ஷெட்டே நிசப்தமாகிவிட்டது.

"விழுந்துடுச்சு!" என்று கத்தினேன். "ஐயோ, நான் ஒன்னையும் தொடலடி!"

"நான் தொட்டேன்" என்றாள் டிரைவரம்மா. அவள் முகத்தைப் பார்க்க வேண்டுமே! கன்னத்தில் கிரீஸ், நெற்றியில் வேர்வை, பல்லெல்லாம் தெரிகிற சிரிப்பு. "ஸ்டார்ட் பண்ணுங்க, இன்னொரு தடவை பாத்துடலாம்." சாவியைத் திருப்பினேன். என் வாழ்க்கையில் நான் ஸ்டார்ட் பண்ணிய ஒரே கார் அதுதான். ஓடியது. அவள் கப்ளரை ஒரு பக்கமாகச் சாய்த்தாள், நின்றது. அதன் பிறகு யாருக்கும் சந்தேகமில்லை.

டேப்பு கப்ளரைக் கழற்றி வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தான். அதற்குள் மூன்று சின்ன ஓட்டைகள், ஒவ்வொன்றிலும் ஒரு பித்தளைக் கவ்வி. சென்சாரில் நீட்டிக்கொண்டிருக்கிற பின், அதாவது சின்னக் கம்பி, உள்ளே போனால் அந்தக் கவ்வி இறுக்கிப் பிடித்துக்கொள்ள வேண்டும். அவன் தன் டப்பாவிலிருந்து அதே அளவில் ஒரு புதுப் பின்னை எடுத்து முதல் ஓட்டையில் விட்டான். பிடித்தது. இரண்டாவதிலும் பிடித்தது. மூன்றாவதில் விட்டுக் கப்ளரைக் கவிழ்த்தான். அந்தப் பின் தானாகவே நழுவித் தரையில் விழுந்தது.

மெக்கானிக் அட்டையிலிருந்து எழுந்து வந்து பார்த்தார். கவ்வியின் வாய் அகலமாகத் திறந்திருந்தது. மீட்டர் ஊசியின் பருமனுக்குத் திறந்திருந்தது. அதை நான் சொல்லவில்லை, அவர் தன் மீட்டரைக் கொண்டுவந்து ஊசியைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

"இத்தன மொத்த ஊசிய இவ்வளவு சின்ன ஓட்டையில குத்தினா வாய் பிளக்காம என்ன பண்ணும்?" என்று டேப்பைப் பார்த்துக் கேட்டார். "என் பக்கம் சுத்தம், என் பக்கம் சுத்தம்னு எத்தன தடவடா குத்தின?"

"நீங்க மட்டும்?" டேப்பு பாய்ந்தான். "ஒவ்வொரு சென்சார் மாத்தறப்பவும் கரண்ட் வருதா வருதான்னு நீங்க குத்தல? நான் பாக்கலன்னு நெனச்சீங்களா மாமா?"

"முதல்ல குத்தினது யாரு?"

"ஜாஸ்தி குத்தினது யாரு?"

"பின்பக்கமா ஒயரோட ஒட்டி மெல்லிசு ஊசிய விட்டுப் பாக்கணும்னு உனக்குத் தெரியாதா? ஒயர்காரன்தான நீ?"

"தெரியும்! ஏன் அப்படிப் பாக்கலன்னா, நீங்க பாத்துட்டு நிக்கறீங்கன்னு வேகமா பாத்தேன். அவசரத்துல பாத்தேன். போதுமா?"

இரண்டு பேரும் கையை ஆட்டி ஆட்டிக் கத்திக்கொண்டிருந்தார்கள். எனக்கு ஏதோ குறைகிறதே என்று தோன்றியது. என்னவென்று பார்த்தால், நடுவில் என்னைக் காணோம். ஒருத்தரும் "சொல்லுங்க" என்று சொல்லவில்லை. டிரைவரம்மாவும் அதைக் கவனித்துவிட்டாள். சண்டையை விலக்கப் போகாமல் டயர் மேல் உட்கார்ந்து, வாயைப் பொத்திக்கொண்டு, தோள் குலுங்கச் சிரித்தாள்.

"சிரிக்காதடி" என்றார் மெக்கானிக். அவருக்கும் உதடு துடித்தது. "முதல் சென்சார் நெஜமாவே செத்துதான் போயிருந்தது. நான் மாத்தினது சரி. அப்புறம் மாத்தினது ரெண்டும் தண்டம்."

"முதல் தடவை நான் குத்தாம இருந்திருந்தா அதோட முடிஞ்சிருக்கும்" என்றான் டேப்பு, குரலை இறக்கி. "அக்கா, அந்த லாரி..." மூக்கை உறிஞ்சினான்.

"லாரிதான் முட்டலையே. அழுவாத. சட்டம் போட்டவ நான். நடுவுல இருக்கறது யாருதுன்னு அன்னைக்கே சொல்லியிருக்கணும்" என்று அவன் மண்டையில் ஒரு தட்டுத் தட்டினாள். "வேலைய பாருங்க, பேக்கரிக்காரர் வந்துடுவாரு."

அதற்கப்புறம் அவர்கள் வேலை செய்ததைப் பார்க்க நான் கடையைப் பூட்டாமலே நின்றேன். டேப்பு பழைய கவ்வியை மெல்லிசான ஒரு கம்பியால் நெம்பி வெளியே எடுத்து, ஒயரின் நுனியைச் சீவி, புதுக் கவ்வியை வைத்து இடுக்கியால் அமுக்கினான். இழுத்துப் பார்த்தான். மெக்கானிக் டார்ச் அடித்தார். "இன்னும் கொஞ்சம் இந்தப் பக்கம் மாமா." "இங்கயா?" "ஆங்." டேப்பின் கை தானாக டேப்பை நோக்கிப் போனது, மாமன் ஒரு பார்வை பார்த்தார், கை திரும்பி வந்தது. இன்ஜின் சாயும்போது ஒயர் விறைக்காமல் இருக்க, மேலே இருந்த கிளிப்பைக் கழற்றிக் கொஞ்சம் தொய்வு விட்டு மறுபடி முறுக்கினார் மெக்கானிக். கப்ளர் டக்கென்று மாட்டியது. இரண்டு பேரும் சேர்ந்தே அதைப் பிடித்து எல்லாத் திசையிலும் சாய்த்துப் பார்த்தார்கள். முள் அசையவில்லை. இந்தத் தடவை சீட்டில் நான் கால் மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தேன்.

பேக்கரிக்காரர் வந்து சேர்ந்தபோது வெயில் தாழ்ந்திருந்தது. நல்ல பருத்த மனிதர், சட்டையெல்லாம் மாவு. காரைச் சுற்றி வந்து டயரை உதைத்துப் பார்த்தார். டயரை உதைத்து என்ன தெரிந்துகொள்கிறார்கள் என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை.

மெக்கானிக் தொண்டையைச் செருமினார். "அண்ணே, ஒரு விஷயம்..."

"முதல்ல ஏறுங்கண்ணே" என்று டிரைவரம்மா குறுக்கே வந்து பின்கதவைத் திறந்துவிட்டாள். "ஓட்டிப் பாக்காம பேசறது எதுக்கு? மலை வரைக்கும் ஒரு நடை போயிட்டு வந்துடலாம். அக்கா, நீங்களும் ஏறுங்க. டேய், நீயும்தான்."

முன் சீட்டில் மெக்கானிக். பின்னால் பேக்கரிக்காரர், டேப்பு, நான். பேக்கரிக்காரர் உட்கார்ந்ததும் கார் அந்தப் பக்கமாக இறங்கியது. ஊரைத் தாண்டியதும் ஏற்றம் தொடங்கியது. நனைந்த மரங்களிலிருந்து கண்ணாடியில் தண்ணீர் சொட்டிக்கொண்டே வந்தது. பேக்கரிக்காரர் அடுப்புச் சூடு பற்றியும் ரொட்டி வாங்கிக்கொண்டு போய்விட்டுக் கருகிவிட்டது என்று சண்டைக்கு வருகிறவர்களைப் பற்றியும் பேசிக்கொண்டே வந்தார். அந்த வளைவு நெருங்க நெருங்க டேப்பு முன் சீட்டின் முதுகைப் பிடித்துக்கொண்டான். மெக்கானிக் முள்ளைப் பார்க்கவில்லை, ரோட்டையும் பார்க்கவில்லை, பெண்டாட்டியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அவள் கியரை மாற்றி அழுத்தினாள். இன்ஜின் உறுமியது. வலது பக்கம் ஒடித்தாள். லாரி நின்ற இடத்தில் ரோட்டின் மேல் கறுப்பாக டயர் தடம் இருந்தது, அதைத் தாண்டினோம். வளைவு முடிந்து நேரானது. வண்டி ஒரு இருமல்கூட இருமாமல் ஏறிக்கொண்டே இருந்தது. டேப்பு பெருமூச்சு விட்டது எனக்குக் காதில் கேட்டது. மெக்கானிக் ஜன்னல் பக்கம் திரும்பிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். தூசி விழுந்ததாகச் சொல்வதற்குக்கூட அவருக்குத் தோன்றவில்லை.

"வண்டி அருமையா இருக்கே" என்றார் பேக்கரிக்காரர். "இத எதுக்கு விக்கறீங்க?"

"விக்கல அண்ணே" என்றார் மெக்கானிக்.

"விக்கலையா? அப்புறம் என்ன எதுக்குக் கூட்டிட்டு வந்தீங்க?"

"மன்னிச்சுக்குங்கண்ணே" என்றாள் டிரைவரம்மா, ரோட்டிலிருந்து கண்ணை எடுக்காமல். "வெயிட்டு வேணும் எனக்கு. ஆள் நிறைஞ்சாத்தான் இதோட கோளாறு தெரியும். உங்கள விட்டா வேற யாரு கிடைப்பா?"

பேக்கரிக்காரர் ஒரு கணம் முறைத்தார். பிறகு அவர் சிரித்த சிரிப்பில் கார் குலுங்கியது. நல்ல மனிதர், கோபித்துக்கொள்ள எல்லா உரிமையும் இருந்தது அவருக்கு.

ஆஸ்பத்திரி வாசலில் நிறுத்தினாள். டூட்டி மாறுகிற நேரம். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு பெரிய நர்ஸ் வெளியே வந்துகொண்டிருந்தார். காரைப் பார்த்ததும் நின்றார். சுற்றிலும் பார்த்துவிட்டு, டிரைவரம்மாவை விட்டுவிட்டு, சட்டையெல்லாம் கிரீஸாக இறங்கி நின்ற மெக்கானிக்கிடம் வந்தார்.

"சரி பண்ணிட்டீங்களா? நம்பி ஏறலாமா?"

மெக்கானிக்குக்கு இந்த மாதிரிக் கேள்வி என்றால் வாய் நீளும். சென்சாரில் ஆரம்பித்து எல்லாவற்றையும் விளக்குவார். நான் வாட்சைப் பார்த்தேன். ஆனால் அவர் மச்சானை ஒரு தடவை பார்த்தார், தரையைப் பார்த்தார், பிறகு கையை நீட்டி டிரைவர் சீட்டைக் காட்டினார்.

"நாங்க ரெண்டு பேரும்தாங்க கெடுத்தோம். கண்டுபிடிச்சது அவ. ஓட்டறதும் அவ. அவளையே கேளுங்க."

பெரிய நர்ஸ் குனிந்து ஜன்னலில் பார்த்தார். "என்னம்மா?"

"காலையில எப்பவும் நிக்கற இடத்துல நில்லுங்க, வரேன்" என்றாள் டிரைவரம்மா.

பெரிய நர்ஸ் நிமிர்ந்தார். தூரத்தில் அவருக்காக வந்து நின்ற வேறொரு வண்டியைப் பார்த்துப் போகச் சொல்லிக் கையை ஆட்டினார். பிறகு மெக்கானிக் திறந்து வைத்திருந்த முன்கதவு வழியாக ஏறி உட்கார்ந்து, பையை மடியில் வைத்துக்கொண்டார்.

"காலைல எதுக்கு? இப்ப கீழதான போற, என்ன வீட்டுல விட்டுடு."

மெக்கானிக் வெளியே நின்றார். பின்னால் இடமே இல்லை. டேப்பு பேக்கரிக்காரரை ஒரு பக்கமும் என்னை ஒரு பக்கமும் நெருக்கித் தள்ளிவிட்டுத் தன் தொடையைத் தட்டினான்.

"வாங்க மாமா, மடியில உக்காருங்க. வெயிட்டு போதாதாம் அக்காவுக்கு."